காலடியில் என்ன பாறை? நிலத்தடி நீர் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

போர் (ஆழ்துளைக் கிணறு) வற்றிவிட்டது, கிணறு உப்பாகிவிட்டது, மழைநீர்க் குழி நிரம்பி வழிகிறது என்று இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். உங்கள் ஊர்ப் பெயர் இல்லாவிட்டாலும், உங்கள் ஊரின் பாறை எதனுடன் ஒத்துப்போகிறது என்று பார்த்துக்கொண்டு படியுங்கள்.

பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறோம். என் நிலத்தில் 1,050 அடி இறக்கியும் கல்தூள் புகைதான் வந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் 280 அடியிலேயே தண்ணீர். அதே மண், அதே மழை. இன்னும் ஆழம் போகலாமா?

வேண்டாம். ஆழத்தில் பணத்தைப் போடுவதற்கு முன் இடத்தை ஆராயுங்கள்.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கருங்கல் வகைக் கடினப் பாறை. தருமபுரி முழுக்க அதுதான். இந்தப் பாறையின் உடம்பில் தண்ணீர் தங்காது. தங்குவது இரண்டே இடங்களில். ஒன்று, பாறை மக்கிப் பொறுபொறுவென்று ஆன மேல் அடுக்கு. இது பெரும்பாலும் 30 முதல் 100 அடி வரை இருக்கும். மற்றொன்று, அதற்குக் கீழே ஓடும் வெடிப்புகள். ஆழம் கூடக்கூட மேலிருக்கும் எடை அழுத்தி வெடிப்புகளை மூடிவிடுகிறது. அதனால் நல்ல ஊற்றுகள் பெரும்பாலும் முதல் 300 அடிக்குள் கிடைத்துவிடும். அதற்குக் கீழே கிடைக்கவே கிடைக்காது என்றில்லை. கிடைத்தாலும், அது பல ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு. மேலே மக்கிய அடுக்கோடு அதற்குத் தொடர்பு இல்லாவிட்டால் மழை வந்தாலும் திரும்ப நிறையாது.

உங்களுக்கும் பக்கத்து நிலத்துக்கும் நடுவே கருப்புக் குண்டுக்கற்கள் நேர்க்கோடாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் டோலரைட் எனும் கருங்கல் சுவர்கள், பழைய பாறையை ஊடுருவி, மண்ணுக்குள் அணைபோல நிற்கின்றன. மேட்டுப் பக்கத்திலிருந்து நகரும் நிலத்தடி நீரை இந்தச் சுவர் தடுத்தால், மேட்டுப் பக்கத்தில் தண்ணீர் தேங்கும், பள்ளப் பக்கம் வறண்டு கிடக்கும். சுவரின் நடுப்பகுதியில் துளைத்தால் புகைதான் வரும். அதன் விளிம்பில், பழைய பாறையோடு ஒட்டும் இடத்தில், வெடிப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த போருக்கு முன் நிலத்தின் மின்தடையை அளக்கும் ஆய்வு செய்யுங்கள். நான்கு இரும்பு முளைகளை ஒரே நேர்க்கோட்டில் அடித்து, வெளி முளைகள் வழியே மின்சாரம் செலுத்தி, உள் முளைகளில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். வெளி முளைகளைத் தள்ளித் தள்ளி வைக்கும்போது இன்னும் ஆழமான பாறையின் தடை தெரியவரும். கவனிக்க வேண்டியது இதுதான்: வெளி முளைகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் கால்வாசி ஆழத்துக்கு மேல் இந்த ஆய்வு நம்பகமாகக் காட்டாது. 300 அடி பார்க்கவே 1,200 அடி நேர்க்கோடு வேண்டும். வீட்டு முற்றத்தில் 100 அடிக்குள் முளை அடித்துவிட்டு, ‘600 அடியில் இரண்டாம் ஊற்று’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். மின்கம்பி, இரும்புக் குழாய், கம்பிவேலி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் அளந்தால் கணக்குத் தப்பும். காய்ந்த மண்ணில் முளையடியில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஊற்றினால்தான் மின்சாரம் ஒழுங்காகப் பாயும். களிமண்ணும் தடை குறைவாகவே காட்டும் என்பதால், ‘தடை குறைவு, ஆகவே தண்ணீர்’ என்ற முடிவும் தவறாகலாம். பக்கத்துக் கிணற்றின் பக்கச் சுவரில் என்ன அடுக்கு தெரிகிறது என்று பார்த்து ஒத்துப்பார்த்த பிறகு முடிவு எடுங்கள்.

துளைக்கும்போது 10 அடிக்கு ஒரு பிடி கல்தூளை வரிசையாக வைத்து ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூளில் துருநிறக் கறையும் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) சில்லும் வந்தால் வெடிப்பு பக்கத்தில் இருக்கிறது. ஒரே நிறத்தில் சாம்பல்போல 200 அடிக்குத் தொடர்ந்தால் நிறுத்துவதைப் பற்றி யோசியுங்கள்.

‘ஒரு இஞ்ச் தண்ணீர், இரண்டு இஞ்ச் தண்ணீர்’ என்ற பேச்சிலும் கவனம் தேவை. 90 டிகிரி ‘வி’ வடிவ வெட்டுப் பலகையில் அளந்தால், வெட்டில் வழியும் நீரின் 1 இஞ்ச் உயரம் நிமிடத்துக்குச் சுமார் 8.5 லிட்டர், 2 இஞ்ச் சுமார் 48 லிட்டர், 3 இஞ்ச் சுமார் 130 லிட்டர். இஞ்ச் இரட்டித்தால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடுகிறது. பலகை இல்லாமல் கண்ணால் சொல்லும் இஞ்சுக்கு மதிப்பில்லை. துளைத்து முடித்ததும் கம்ப்ரசர் காற்றை ஒரு மணி நேரமாவது விட்டு, அதன் பிறகு அளக்கச் சொல்லுங்கள். முதலில் பீச்சுவது வெடிப்பில் தேங்கி நின்ற தண்ணீர்.

இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். மக்கிய கருங்கல் அடுக்கு தன் கன அளவில் சுமார் 3 சதவீதத் தண்ணீரைத்தான் விட்டுக்கொடுக்கும். ஒரு ஏக்கரில் நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால் கிடைப்பது சுமார் 1.2 லட்சம் லிட்டர். ஆற்று வண்டல் மணலாக இருந்தால் அதே இறக்கத்தில் 6 லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். உங்கள் பகுதியில் 850 மி.மீ. மழை பெய்து அதில் 11 சதவீதம் நிலத்துக்குள் இறங்குகிறது என்று கொண்டால், ஒரு ஏக்கருக்கு ஓராண்டு வரவு சுமார் 3.8 லட்சம் லிட்டர். ஒரு போக நெல்லுக்கு 1,200 மி.மீ. தண்ணீர் என்றால் 48 லட்சம் லிட்டர் ஆகிறது. ஏரிப் பாசனம் இல்லாத கருங்கல் பூமியில் போர் நம்பி நெல் போடுவது கட்டாது. நீங்கள் தக்காளியில் நிற்பதும் சொட்டுநீர் போடுவதும் சரியான முடிவு.

தேங்காயை உள்ளங்கையில் வைத்து ஊற்று பார்ப்பது உண்மையா?

தேங்காய்க்கும் நிலத்தடி நீருக்கும் தொடர்பு இருப்பதாகச் சோதனைகளில் நிரூபணமாகவில்லை. மக்கிய அடுக்கு தடிப்பாக உள்ள ஊரில் எங்கே துளைத்தாலும் கொஞ்சம் தண்ணீர் வரும். அந்த வெற்றிதான் தேங்காயின் பெயரில் சேர்கிறது. பார்ப்பவர்களில் பலர் நீண்ட அனுபவத்தில் பள்ளம், புற்று, மரம், பாறை வெளிப்பாடு ஆகியவற்றைக் கண்ணால் படிக்கக் கற்றவர்கள். அந்தக் கண் பயனுள்ளது.

பென்னாகரம் வட்டாரம். பிள்ளைகளின் பல் பழுப்பாகக் கோடு விழுகிறது. போர் தண்ணீர் தெளிவாக, ருசியாகத்தான் இருக்கிறது. கொதிக்க வைத்தே குடிக்கிறோம். என்ன செய்வது?

கொதிக்க வைப்பதை இந்தக் காரணத்துக்காகச் செய்யாதீர்கள். ஃப்ளோரைடு ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும்.

உங்கள் பகுதிப் பாறையில் காக்காப்பொன் வகைக் கனிமமான பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அப்படைட் ஆகியவை இருக்கின்றன. அவற்றில் ஃப்ளோரைடு அடங்கியிருக்கிறது. தண்ணீர் பாறையோடு நெடுநாள் கிடக்கும்போது அது கரைந்து வருகிறது. தண்ணீரில் கால்சியம் இருந்திருந்தால் ஃப்ளோரைடைப் பிடித்துப் படிய வைத்திருக்கும். வறண்ட பகுதியில் அந்தக் கால்சியம் மண்ணிலேயே சுக்கான் கல்லாகப் படிந்துவிடுகிறது. எஞ்சுவது சோடியம் மிகுந்த, காரத்தன்மையுள்ள தண்ணீர். அது ‘மென்னீர்’. சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு வேகும், குடிக்க இதமாக இருக்கும். ருசியை வைத்து ஃப்ளோரைடைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆழமான போரில் தண்ணீர் அதிக காலம் பாறையோடு கிடப்பதால் அளவு பெரும்பாலும் கூடுகிறது. மழைநீர் நேரே இறங்கும் திறந்த கிணற்றில் குறைவாக இருப்பது வழக்கம்.

முதலில் அளந்து பாருங்கள். 10 நிமிடம் மோட்டார் ஓடிய பிறகு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை கழுவிப் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் பாருங்கள். இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மி.கி. ஏற்கத்தக்க அளவு, வேறு வழியே இல்லையென்றால் 1.5 மி.கி. வரை.

இந்தச் சிக்கலுக்காகவே காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. அந்தக் குழாய்த் தண்ணீர் கிடைத்தால் குடிக்கவும் சமைக்கவும் அதை மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். போர்த் தண்ணீரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். பலர் குடிக்க மட்டும் நல்ல தண்ணீரை எடுத்து, உலைக்குப் போர்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். சோறும் குழம்பும் அதே ஃப்ளோரைடை உடம்புக்குள் கொண்டுபோகும்.

குழாய் வராத வீடுகளுக்கு மழைநீர்த் தொட்டி நல்ல துணை. நான்கு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 32 லிட்டர் என்றால், மழையில்லாத 150 நாட்களுக்கு 4,800 லிட்டர் வேண்டும். 25 சதுர மீட்டர் கூரையில் 850 மி.மீ. மழை பெய்தால், சேதாரம் போகச் சுமார் 17,000 லிட்டர் கிடைக்கும். 5,000 லிட்டர் மூடிய தொட்டி போதும். கூரையைக் கழுவிவரும் முதல் 2 மி.மீ. மழை, அதாவது 50 லிட்டர், தொட்டிக்குள் போகாமல் ஒரு டிரம்மில் விழும்படி குழாயைப் பிரித்துவிடுங்கள். அந்த டிரம்மை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் காலி செய்யாவிட்டால் ஏற்பாடு முழுக்க வீண். கலந்து குடிப்பதும் வழிதான்: 3 மி.கி. உள்ள போர்த் தண்ணீர் ஒரு பங்குக்கு மழைநீர் இரண்டு பங்கு சேர்த்தால் 1 மி.கி.க்கு வரும்.

ஃப்ளோரைடை உறிஞ்சும் அலுமினா வடிகட்டி வாங்குவோர் ஒன்றை மறக்க வேண்டாம். அதன் திறன் தீர்ந்தாலும் தண்ணீர் நிறமோ ருசியோ மாறாது. மாதம் ஒரு முறை வடிகட்டிய நீரைச் சோதித்தால்தான் தெரியும். ஆர்.ஓ. வைத்திருந்தால் கழிவு நீரில் ஃப்ளோரைடு செறிந்திருக்கும். அதைக் கிணற்றோரம் விடாதீர்கள். பல்லில் விழுந்த கறை இனி மாறாது. ஆனால் எலும்புக்குப் போகும் பாதிப்பைத் தண்ணீரை மாற்றி இன்றே நிறுத்தலாம்.

சேலத்தில் 1,200 சதுர அடி வீடு. விதிப்படி மழைநீர்க் குழி வெட்டி உடைகல் நிரப்பினோம். அரைமணி மழைக்கே பொங்கி வாசலுக்கு வருகிறது.

50 மி.மீ. மழைக்கு உங்கள் கூரையில் இறங்குவது சுமார் 4,700 லிட்டர். 1 மீட்டர் நீள அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள குழியில் கல் போக எஞ்சும் இடம் சுமார் 800 லிட்டர். மீதி அந்த நேரத்துக்குள் மண்ணில் இறங்கியாக வேண்டும். பெசன்ட் நகர்க் கடல் மணலில் இறங்கிவிடும். சேலத்துக் களி கலந்த மண்ணில் இறங்காது.

சோதித்துப் பாருங்கள். குழியின் அடிமட்ட ஆழத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி பள்ளம் எடுத்து, தண்ணீர் ஊற்றி ஒரு முறை முழுக்க ஊற விடுங்கள். இரண்டாம் முறை ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2, 3 செ.மீ.தான் என்றால் உங்கள் குழி நான்கு பக்கமும் அடியும் சேர்ந்து மணிக்கு 200 லிட்டர் அளவில்தான் உறிஞ்சும்.

அப்போது குழியை அகலப்படுத்திப் பயனில்லை. களியைத் தாண்ட வேண்டும். குழியின் நடுவே மக்கிய பாறை அடுக்கின் அடிவரை 6 இஞ்ச் துளை போட்டு, துளையிட்ட பி.வி.சி. குழாய் இறக்குங்கள். பழைய கிணறு இருந்தால் அதுவே சிறந்தது. கிணற்றுக்கோ துளைக்கோ விடும் தண்ணீர் வடிகட்டித் தொட்டி வழியே போகட்டும்: அடியில் 40 மி.மீ. ஜல்லி, மேலே 20 மி.மீ. ஜல்லி, அதன்மேல் கொசுவலை விரித்து மணல். மணலின் மேல் ஒரு விரல் கனத்துக்குச் சேறு படிந்ததும் உறிஞ்சுவது நின்றுவிடும். ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் மேல் மணலைச் சுரண்டி மாற்றுங்கள். செங்கல் உடைசல் நிரப்ப வேண்டாம், ஊறி மாவாகி அடைக்கும். வாசல், தெரு, கார் நிறுத்தும் இடம் ஆகியவற்றின் தண்ணீரைப் போருக்குள் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். வெடிப்பில் போன அழுக்கை மண் வடிகட்டித் தராது.

பொன்னேரிக்குப் பக்கம். போர்த் தண்ணீர் வரவர உப்பாகிறது. இன்னும் 50 அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வருமா?

பெரும்பாலும் இன்னும் உப்பாகத்தான் வரும். கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு எடை கூடியது. அதனால் கடலோர மணலில் நன்னீர் மேலேயும் உவர்நீர் கீழேயும் நிற்கின்றன. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. நீங்கள் மேலே 1 மீட்டர் இறைத்துக் குறைத்தால் கீழே உவர்நீர் 40 மீட்டர் ஏற முனையும். மீஞ்சூர் பகுதியில் 1969இல் கடற்கரையிலிருந்து 3 கி.மீ. வரை இருந்த உவர்நீர், 1983க்குள் 9 கி.மீ. உள்ளே வந்துவிட்டது. பாசனத்துக்கும் சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் அந்த மணலிலிருந்து அளவுக்கு மீறி இறைத்ததே காரணம். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. நூறு குடம் நன்னீரில் இரண்டு குடம் கடல்நீர் சேர்ந்தாலே குடிநீருக்கான 250 மி.கி. எல்லை தாண்டும்.

கையடக்க உப்பளவுக் கருவி ஒன்று வாங்குங்கள். விடியலில் மோட்டார் போட்டதும் ஒரு அளவு, பிறகு 1, 2, 4 மணி நேரத்தில் அளவுகள். இறைக்க இறைக்க உப்பு ஏறினால் உங்கள் போருக்கு அடியிலிருந்தே உவர்நீர் கூம்பாக மேலே வருகிறது. அப்படியானால் சிறிய மோட்டார், இடைவெளி விட்டு இறைப்பு, மேல் மணலில் இரண்டு மூன்று ஆழமில்லாத குழாய்கள் என்று பரவலாக எடுங்கள். உப்பு நாள் முழுக்க ஒரே அளவில் நின்றால், பக்கத்து உப்பங்கழியையும் இறால் பண்ணையையும் பாருங்கள். சிப்பி ஓடு கலந்த நீலக் களியை ஊடுருவிப் போட்ட போராக இருந்தால், களியில் அடைபட்ட பழைய கடல்நீரும் காரணமாகலாம்.

யாழ்ப்பாணம், வலிகாமம். எங்கள் வளவில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடி இடைவெளி இருக்கிறது. போதும்தானே?

மணல் நிலத்தில் போதும். உங்களுடையது சுண்ணாம்புக்கல். தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்துக் குகையும் குழாயுமாக வழி செய்து வைத்திருக்கிறது. மேலே செம்மண் மெல்லிய போர்வையாகத்தான் இருக்கிறது. மணலில் மாதக்கணக்கில் ஊர்ந்து வடியும் அழுக்கு, இங்கே வெடிப்பு நேராக இருந்தால் நாட்களில் கிணற்றுக்கு வந்துவிடும். வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் தூரத்தைவிட முக்கியம்.

அடியும் பக்கமும் கொங்கிரீட் பூசி மூடிய தாங்கியாகக் குழியை மாற்றுங்கள். நிரம்பியதும் வண்டியில் எடுத்துப் போகட்டும். கிணற்று நீரில் நைத்திரேற்று (நைட்ரேட்) பாருங்கள். லிட்டருக்கு 50 மி.கி. தாண்டினால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரை எடுக்க வேண்டாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு ஒரே தரம் போடும் யூரியாவும் அதே கல்வழியே கிணற்றுக்குத்தான் இறங்குகிறது. பங்கு பங்காகப் பிரித்துப் போடுங்கள், மழைக்கு முதல்நாள் போடாதீர்கள். நிலாவரைக் கேணியைப் போல மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்கும் பூமி என்பதால், கிணற்றை ஆழமாக்கக் குழாய் இறக்குவதும் ஆபத்து.

கைவிட்ட கல்குவாரியில் குப்பை கொட்டப் போகிறார்கள். ‘அடியில் பாறைதான், ஒன்றும் இறங்காது’ என்கிறார்கள். சரியா?

தவறு. குவாரி என்பது மக்கிய அடுக்கு முழுவதையும் வழித்தெடுத்துவிட்டு, வெடிவைத்துப் பாறையை மேலும் விரிசலாக்கிய இடம். இருந்த வடிகட்டியும் போய்விட்டது. குப்பைச் சாறு நேராக வெடிப்புக்குள் இறங்கும்.

மழை நின்ற இரண்டு மூன்று நாளில் குவாரிச் சுவரைப் பாதுகாப்பான இடத்தில் நின்று பாருங்கள். எந்தக் கோடுகளில் ஈரம் கசிகிறதோ அவை உயிருள்ள வெடிப்புகள். திசைமானியில் அவற்றின் திசையைக் குறித்து, ஊர் வரைபடத்தில் அதே திசையில் கோடு நீட்டுங்கள். கோட்டில் விழும் கிணறுகள்தான் முதலில் கெடும். கொட்டுவதற்கு முன்பே அந்தக் கிணறுகளில் குளோரைடு, நைட்ரேட், அம்மோனியா, மொத்த உப்பு ஆகியவற்றை ஆய்வகத்தில் அளந்து, தேதியோடு சான்று வாங்கி வையுங்கள். கெட்ட பிறகு ‘முன்பே அப்படித்தான் இருந்தது’ என்பார்கள்.

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 கேட்டது என்ன என்பதையும் மனுவில் எழுதுங்கள்; 2026 ஏப்ரலில் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்துவிட்டதால், அவற்றோடும் ஒத்துப்பாருங்கள். குடியிருப்புக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 200 மீட்டர், ஆற்றுக்கு 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றன 2016 விதிகள். அடியில் 90 செ.மீ. இறுகிய களி, அதன்மேல் 1.5 மி.மீ. எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் விரிப்பு கேட்டன. அந்தக் களி, ஆண்டுக்குச் சுமார் 3 செ.மீ.க்கு மேல் தண்ணீர் ஊடுருவாத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டியிருந்தது. களியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் குறைந்தது 2 மீட்டர் இடைவெளி வேண்டியிருந்தது. குவாரியின் அடியில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் நின்றால், அந்தத் தண்ணீரே நிலத்தடி நீர்மட்டம். அந்த ஒரு காரணத்தாலேயே 2016 விதிகளின்படி இடம் தகுதி இழந்தது.

வற்றிய போரை என்ன செய்வது?

மீண்டும் பயன்படாது என்றால் அடியிலிருந்து மேல்வரை களிமண், மணல், கல்தூள் கொண்டு நிரப்புங்கள். கேசிங்கை (போரின் மேல்பகுதிக் காப்புக் குழாயை) உருவி எடுத்துவிட்டு வாயைத் திறந்தபடி விடுவது குழந்தைகளின் உயிரைப் பறிக்கும். ஊர் அழுக்கு ஆழத்து வெடிப்புக்குப் போகும் குறுக்குவழியும் அதுவே. மழைநீர் செலுத்த வைத்துக்கொள்வதானால், உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னபடி கேசிங் வாயை இரும்புத் தகடால் பற்றவைத்து அல்லது போல்ட் போட்டு மூடி, சுற்றிலும் 50 செ.மீ. நீள அகலத்தில், தரைக்கு மேல் 30, கீழ் 30 செ.மீ. சிமெண்ட் மேடை கட்டுங்கள். வடிகட்டிய தண்ணீர்க் குழாயைப் பக்கவாட்டில் இணைத்துக்கொள்ளலாம்.